மகாராஜா சாப்பிட்ட மடைச்சோறு

முன்னொரு காலத்திலே, மனிதர்களைவிட ஏரிகள் அதிகமாக இருந்த காலத்திலே, ஏரிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. பட்டத்துக்கு வந்த அன்று, பெரிய ஏரிக்கரையில் கிடந்த பழைய கல்லின் மேல் கை வைத்து, "இந்த நாட்டில் செய்யப்படுவது எல்லாம் நான் செய்வதே" என்று சொன்னான். அன்றிலிருந்து அவன் பெயர் சர்வகர்த்தன். எல்லாம் செய்பவன் என்று அர்த்தம்.

சொன்னதோடு விட்டானா? உரலில் 'சர்வகர்த்தர் செய்தது' என்று வெட்டச் சொன்னான். தொட்டிலில் வெட்டச் சொன்னான். அகப்பையில்கூட வெட்டச் சொன்னான். இத்தனை நீளப் பெயர் ஓர் அகப்பையில் எப்படிக் கொள்ளும்? கொள்ளாவிட்டால் அகப்பையைப் பெரிதாக்கு என்று உத்தரவு. அந்த நாட்டு அகப்பைகள் எல்லாம் படகுத் துடுப்பு மாதிரி ஆனது அப்படித்தான்.

அந்த நாட்டில் தும்பை என்று ஒருத்தி இருந்தாள். அவள் வேலை அளப்பது. தண்ணீர் எந்த வேகத்தில் வந்து முட்டும், வளைந்த தகட்டில் பட்ட வெயில் எங்கே போய்க் குவியும், எவ்வளவு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு எடை எழும்பும் என்று அளந்து அளந்து ஓலையில் குறித்துக்கொள்வாள். அவள் அண்ணன் சாத்தையன் தச்சன். அவள் அளப்பாள், அவன் அறுப்பான். இரண்டு பேருமாக நாற்பது மடை கட்டியிருந்தார்கள். மடை என்றால் ஏரித் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் பலகைக் கதவு.

மடை கட்டுகிறவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது மடையில் முதல் தண்ணீர் வந்து முட்டும் நாளில், அதைச் செய்தவர் மடைக்கு நேர் கீழே, காய்ந்த வாய்க்காலில் உட்கார்ந்து, இலை போட்டுத் தயிர்ச்சோறு சாப்பிட வேண்டும். மடைச்சோறு என்று அதற்குப் பெயர். மடை நின்றால் சோறு இறங்கும். நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா? இன்னொன்றும் உண்டு. செய்தது தப்பு என்று பட்டால், செய்தவர் தன் கையாலேயே அதை உடைக்கலாம். ராஜாவும் தடுக்க முடியாது. இரண்டும் அந்தப் பழைய கல்லில் வெட்டியிருந்தது. சர்வகர்த்தன் அதை வாசிக்கவில்லை. அவன் வைத்த கை எழுத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் தும்பையும் சாத்தையனும் அரண்மனைக்கு அழைக்கப்பட்டார்கள்.

"பெண்ணே, கீழே மருதக்கரை நாடு இருக்கிறதே, அது எனக்கு வணக்கம் சொல்ல மாட்டேன் என்கிறது. எனக்கு மூன்று ஆயுதம் வேண்டும்" என்றான் ராஜா.

"நான் மடை கட்டுகிறவள், மகாராஜா."

"தும்பை என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லலாமா? போருக்குப் போகிறவன் தலையில் சூடுகிற பூ அல்லவா அது?"

"எங்கள் வீட்டில் அதைச் சளிக்குத்தான் பிழிந்து விடுவார்கள், மகாராஜா."

சபையில் யாரோ சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மந்திரவாதி புகைவாயனைப் பார்த்தான். புகைவாயன் வாயைக் குவித்து ஒரு ஊது ஊதினான். கரும்புகை எழுந்தது, சுற்றியது, கலைந்தது. சாத்தையன் நின்ற இடத்தில் ஒரு கழுதை நின்றது.

"மூன்று ஆயுதம் கொடு, ஒரு அண்ணனை எடுத்துக்கொண்டு போ" என்றான் புகைவாயன். "வேறு வழி தேடாதே. கல்லில் கை வைத்து ராஜா சொன்ன சொல் நிற்கும்வரை என் மந்திரமும் நிற்கும். அவர் சொல் என்றைக்கு நிற்காமல் போயிருக்கிறது?"

கழுதை முதன்முதலாக வாய் திறந்தது. "தும்பை, மூக்கு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடு."

தும்பை சொறிந்து விட்டாள். பிறகு பட்டறைக்குப் போனாள்.

முதல் ஆயுதம் வெயில் கண்ணாடி. யானைக் காது மாதிரி வளைந்த பெரிய தகடு. வெயிலைக் குவித்துக் காத தூரத்தில் நெருப்பு வைக்கும். அதை முற்றத்தில் நிறுத்தி, கட்டியக்காரன் கேட்டான்: "செய்தவர் யார்?"

"சர்வகர்த்தர்!" என்று சனங்கள் கத்தினார்கள். கத்தத்தான் வேண்டும்.

காட்டிப் பயமுறுத்துவார்கள், அதோடு சரி என்று தும்பை நினைத்திருந்தாள். மருதக்கரைக்குப் போன படை திரும்பி வந்தபோது அங்கே நாணல்பட்டி எரிந்திருந்தது. வெண்ணெல்லூர் எரிந்திருந்தது. ஊர்ப் பெயர்களை அவள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்; சிப்பாய்களுக்கு யோசித்துத்தான் சொல்ல முடிந்தது. பட்டறைச் சுவரில் கரியால் இரண்டு பெயரையும் எழுதினாள்.

"நான் தகட்டை வளைத்தேன், அவ்வளவுதான். திருப்பினது நான் இல்லையே, அண்ணே" என்றாள்.

"சரி" என்றது கழுதை.

"வெயில்கூட என்னுடையது இல்லை."

"சரி."

"அதில் என் பேரா இருக்கு? ராஜா பேர்தானே இருக்கு!"

"நாம கட்டின மடையிலயும் ராஜா பேர்தான் வெட்டியிருக்கு. அப்ப மட்டும் நீ எதுக்குடி கீழே உட்கார்ந்து சோறு தின்னே?"

தும்பை சுவரில் எழுதிய இரண்டு பெயரையும் திரும்பப் படித்தாள்.

இரண்டாவது ஆயுதம் கல்லெறியும் பொறி. ஒரு பக்கம் எடை இறங்க, மறுபக்கம் பாறை பறக்கும். "செய்தவர் யார்?" "சர்வகர்த்தர்!" பாறை ஆறுபுளி என்ற ஊரில் விழுந்தது. அன்று அங்கே சந்தை. சுவரில் பெயர் மூன்றானது.

மூன்றாவது ஆயுதத்தை ராஜா தானே வந்து சொன்னான். "பெரிய ஏரி முழுவதையும் ஒரே மூச்சில் மருதக்கரை மேல் திறந்துவிட வேண்டும். அதற்கு ஒரு மடை. உனக்குப் பிடித்த வேலைதானே?"

"முடியாது" என்றாள் தும்பை.

முதல் நாள் புகைவாயன் ஊதினான்; கழுதையின் ஒரு கால் கல்லானது. "செய்யாதே, தங்கச்சி" என்றது கழுதை. இரண்டாம் நாள் ஊதினான். இரண்டாவது கால் கல்லானது. "செய்யாதே, தங்கச்சி." மூன்றாம் நாள் ஊதினான், மூன்றாவது கால் கல்லானது. "இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கில்ல? செய்யாதே, தங்கச்சி" என்றது.

தும்பை எழுந்து ஏரிக்கரைக்கு நடந்தாள். பழைய கல்லின் முன்னால் உட்கார்ந்து, பாசியைச் சுரண்டி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். நேராக அரண்மனைக்குப் போனாள்.

"செய்கிறேன், மகாராஜா. ஒன்று மட்டும் வேண்டும். தங்கள் பெயரைப் பலகையில் ஆள் உயரத்துக்கு வெட்ட அனுமதி."

ராஜாவுக்கு அன்றுதான் அவளைப் பிடித்தது.

மடை எழும்பியது. வேலை நடக்கும்போது ராஜா ஒரே ஒரு தடவை பார்க்க வந்தான். பலகையின் முன்பக்கம் நின்று தன் பெயரைப் படித்தான். இரண்டு தடவை படித்தான். போய்விட்டான்.

திறக்கும் நாள் வந்தது. நல்ல பகல். கரை கொள்ளாத கூட்டம். பலகையைத் தூக்க நூறு ஜோடி மாடு வடத்தில் பூட்டி நின்றது. மூன்று கால் கல்லான கழுதையை வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்திருந்தார்கள். கட்டியக்காரன் வாயைத் திறக்கும் முன்பு தும்பையே கேட்டாள்.

"செய்தவர் யார்?"

"சர்வகர்த்தர்!"

தும்பை வாய்க்காலில் இறங்கினாள். மடைக்கு நேர் கீழே மணை போட்டாள். இலை விரித்தாள். தயிர்ச்சோறு வைத்தாள். கரையைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"மகாராஜா, வந்து உட்காருங்கள்."

"என்ன இது?"

"மடைச்சோறு."

கூட்டத்தில் சலசலப்பு. "ஆமாம்ல" என்றார் ஒருவர். "எங்க மாமனார் மூணு தடவை உட்கார்ந்தாரு" என்றாள் ஒருத்தி. "பயம்மா இருந்தாலும் சோத்தை மிச்சம் வைக்கல."

"அவளை உட்கார வை!" என்றான் ராஜா.

"சந்தோஷமாக உட்காருவேன், மகாராஜா. ஆனால் செய்தவர்தானே உட்கார வேண்டும்? நான் உட்கார்ந்தால் இது நான் செய்தது. நான் செய்தது என்றால் நானே உடைக்கலாம். தாங்கள் செய்தது என்றால் தாங்கள் உட்காரலாம். எது என்று தாங்களே சொல்லுங்கள்."

"சோறும் வேண்டாம், சாறும் வேண்டாம். மாட்டை ஓட்டு!"

மாட்டுக்காரர்கள் வடத்தை அவிழ்த்துக் கீழே போட்டார்கள். "செஞ்சவரு இலையில உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்திரிக்காம நாங்க இழுக்கிறதில்லீங்க" என்றார் முதல் ஜோடிக்காரர். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை; மழைக்காலத்தில் உழுவதில்லை என்பது மாதிரிச் சொன்னார்.

"எல்லோரையும் கழுதையாக்கு!" என்றான் ராஜா.

"ஆக்குங்க" என்றது வண்டியில் இருந்த கழுதை. "அப்புறம் மாட்டை ஓட்ட ஆள் இருக்காது, வடத்தை எவன் அவிழ்த்தானோ அவனையேதான் பூட்டணும். கழுதைங்க நாங்க பிடிவாதக்காரங்க."

புகைவாயன் ராஜாவின் காதில் கிசுகிசுத்தான். "உட்கார்ந்துவிடுங்கள், பிரபு. தங்கள் சொல் விழுந்தால் என் மந்திரமும் விழுந்துவிடும்."

ராஜா இறங்கினான். மணையில் உட்கார்ந்தான். தலைக்கு மேலே பலகை. பலகையில் ஆள் உயரத்துக்கு அவன் பெயர். பெயருக்குப் பின்னால் ஏரி. ஒரு வாய் எடுத்தான்.

"பலமாகத்தான் இருக்கிறதா?" என்று மெல்லக் கேட்டான்.

"செய்தவருக்குத் தெரியாததா, மகாராஜா?"

இரண்டாவது வாய் எடுத்தான். பலகையில் எங்கேயோ கிரீச்சென்றது. மூன்றாவது வாய்க்குக் கை போனபோது, பலகை இடுக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இலையில் விழுந்தது. ஒரே ஒரு சொட்டு.

ராஜா எழுந்து ஓடினான். வாய்க்கால் சரிவில் வழுக்கி விழுந்தான், எழுந்தான், கத்தினான்: "நான் செய்யவில்லை! இதை நான் செய்யவில்லை! அவள்தான் செய்தாள்!"

அவ்வளவுதான். கல்லில் வைத்த சொல் விழுந்தது. சொல் விழுந்ததும் மந்திரம் விழுந்தது. புகைவாயன் ஊதினான், இருமல்தான் வந்தது. வண்டியில் மூன்று கல்கால்களும் படபடவென்று வெடித்துத் தெறித்தன. சாத்தையன் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தவழும் குழந்தை மாதிரி நின்றான். முதல் வேலையாகத் தன் மூக்கைத் தானே சொறிந்துகொண்டான்.

"எல்லோரும் கேட்டீர்களா?" என்றாள் தும்பை. "செய்தது நான்."

கோடரியை எடுத்தாள். கூட்டம் பதறியது. பலகையை உடைத்தால் ஏரி என்னாவது? மருதக்கரை என்னாவது? சாத்தையன் கரைமேல் ஏறிப் பலகையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். பின்னால் பழைய கரை வெட்டப்படாமல் அப்படியே நின்றது. பலகைக்கும் கரைக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம். அதில் இரண்டு குடம் தண்ணீர்.

"அடிப்பாவி" என்றான்.

"யாரும் பார்க்கவில்லையே, அண்ணே. செய்தவராக இருந்தால் பின்பக்கமும் பார்த்திருப்பார்."

பலகையை உடைத்தாள். வெயில் கண்ணாடியை உடைத்தாள். கல்லெறியும் பொறியை உடைத்தாள். யாரும் தடுக்கவில்லை. ராஜாவுக்கு ஊர் ஒரு வேலை கொடுத்தது: உரல் உரலாக, தொட்டில் தொட்டிலாக, அகப்பை அகப்பையாகத் தன் பெயரைச் சுரண்ட வேண்டும். புகைவாயன் இருமிக்கொண்டே பக்கத்தில் கூடை பிடித்தான். அகப்பைகள் பழைய அளவுக்குத் திரும்பின.

தும்பைக்கு முத்துமாலை போட வந்தார்கள். அவள் அங்கே இல்லை. சுவரில் எழுதிய மூன்று பெயரையும் ஓலையில் எடுத்துக்கொண்டு, அண்ணனோடு மருதக்கரைக்குப் போயிருந்தாள். நாணல்பட்டியில் நின்று "கண்ணாடி நான் செய்தது" என்றாள். வெண்ணெல்லூரிலும் அதையே சொன்னாள். ஆறுபுளியில் "பொறி நான் செய்தது" என்றாள். ராஜா பெயரை எங்கும் சொல்லவில்லை. சிலர் மண்ணை வாரி எறிந்தார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். அவள் நாணல்பட்டியில் மடை கட்ட ஆரம்பித்தாள்.

தண்ணீர் வந்த அன்று, காய்ந்த வாய்க்காலில் மணை போட்டு, இலை விரித்து உட்கார்ந்தாள். ஊர் தூரத்தில் நின்று பார்த்தது. வீடு எரிந்துபோன ஒருத்தி மட்டும் இறங்கி வந்து, இலை ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய் வைத்தாள். மேலேறிப் போகவில்லை, அங்கேயே, மடைக்கு நேர் கீழே, தும்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தண்ணீர் வந்தது, முட்டியது. மடை நின்றது. கதையும் அங்கேயே நின்றது.