காய்ந்த வேரின் பெயர்

மலையடிவாரத்தில் ஒரு வைத்தியசாலை. பெரிய வைத்தியருக்கு அடுத்தபடியாக அங்கே அம்பலவாணன்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் சொல்வது அவன் பொறுப்பு.

ஒரு தை மாதம், மலைமேலிருந்து பொம்மி என்றொரு பெண் இறங்கி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். எதற்கு வந்தாய் என்று வைத்தியர் கேட்டார்.

"பிள்ளை பெத்ததும் உதிரம் நிக்காம எங்கம்மா போயிருச்சு சாமி. வருசத்துக்கு ரெண்டு பேராவது அப்படிப் போறாங்க. அதை நிறுத்தக் கத்துக்கணும்."

வைத்தியர் அவளை அம்பலவாணனிடம் அனுப்பினார்.

முதல் நாள் பாடத்தில் அம்பலவாணன் காய்ந்த வேர் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது பேரு என்ன?" என்று ஒவ்வொருவராகக் கேட்டான். மற்றவர்கள் சரியாகவோ தப்பாகவோ ஏதோ சொன்னார்கள். பொம்மி தலையைக் குனிந்துகொண்டாள். வேறொரு வேரைக் காட்டினான். அதற்கும் குனிந்துகொண்டாள். இரண்டும் அவளுடைய மலையில் விளைகிற வேர்கள்.

அவன் திட்டவில்லை. இரக்கமுள்ளவன். "மலைச்சனங்களுக்குக் கையும் காலும்தான் ஓடும். பாவம், பாடத்துல உக்கார வச்சு அவளை வதைக்க வேண்டாம்" என்று மற்றவர்களிடம் சொல்லி, மருந்து இடிக்கும் கொட்டகைக்கு அவளை அனுப்பினான். அதன்பிறகு அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

உள்ளே பாடம் நடக்கும். வெளியே உலக்கைச் சத்தம் கேட்கும். இப்படியே மூன்று வருஷம் போயிற்று.

"என்ன பொம்மி, உரலுக்கே வாக்கப்பட்டுட்டியா?" என்பான் பாடம் படிப்பவர்களில் ஒருவன்.

"உங்களைவிட உரல் தேவலை. குத்தினா குரலாவது குடுக்குது" என்பாள்.

எப்போதாவது அம்பலவாணனை மறித்து, "எனக்கு எப்பச் சாமி பாடம்?" என்று கேட்பாள்.

"பொறு பொம்மி. உனக்கு ஏத்த மாதிரி ஒருநாள் சொல்லித் தரேன்."

கார்த்திகையில் மலையிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தான். பொம்மியின் அக்காவுக்குப் பிரசவமாகி, உதிரம் நிற்கவில்லை. அன்று பார்த்து வைத்தியரும் மற்ற எல்லோரும் காய்ச்சல் கண்ட ஊர் ஒன்றுக்குப் போயிருந்தார்கள். தன் கையால் இடித்த சூரணத்தை மடியில் கட்டிக்கொண்டு பொம்மி தனியாக மலையேறினாள். எவ்வளவு கொடுப்பது, எதில் கலப்பது, வயிற்றில் எங்கே அழுத்துவது, எதுவும் அவளுக்குத் தெரியாது.

ஆறாம் நாள், தன் துணிமூட்டையை எடுத்துப் போக வந்தாள். அம்பலவாணன் கொட்டகை வாசலில் நின்றான். என்ன பேசுவதென்று தெரியாமல், "அக்கா பேரு என்ன பொம்மி?" என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதைக்கூடச் சொல்ல மாட்டியா?"

"செத்தவங்க பேரை நாங்க சொல்றதில்லை சாமி. ஆளானாலும் சரி, செடியானாலும் சரி. புடுங்கிக் காயப்போட்டா அதுவும் செத்ததுதானே. பேர் சொல்லிக் கூப்பிட்டா, திரும்பி வர முடியலையேன்னு அது கெடந்து தவிக்கும்."

"அப்ப... அன்னைக்கு நான் காட்டின வேரெல்லாம்?"

"நடக்கத் தெரிஞ்ச நாளா தோண்டுறேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"பேரைத்தான் கேட்டீங்க. ஏன் சொல்லலைன்னு கேக்கலையே."

மூட்டையை முடிந்துகொண்டே சொன்னாள்:

"என்னைப் பாத்ததும் அக்கா சிரிச்சுச்சு சாமி. 'மூணு வருசம் படிச்சவ வந்துட்டா, இனி எனக்கு ஒண்ணுமில்லை'ன்னுச்சு."

"இரு பொம்மி. இன்னைக்கே ஆரம்பிக்கிறேன். எல்லாத்தையும் சொல்லித் தரேன்."

"பிள்ளை ஆட்டுப்பால்லதான் கெடக்கு. நான் போகணும்."

அவள் போய்விட்டாள். அம்பலவாணன் வைத்தியரிடம் போய் நின்றான். அவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"நானும்தான். மூணு வருஷம் அந்த உலக்கைச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே சாப்பிட்டிருக்கேன்."

"இனிமே நடக்காது ஐயா. மலைச்சனங்க வழக்கம் இப்பத் தெரிஞ்சுபோச்சு. அவங்க வந்தா பச்சைச் செடியாத்தான் காட்டுவேன். செத்ததோட பேரை வாயெடுத்துக் கேக்க மாட்டேன். பாடம் சொல்ற மத்தவங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்."

வைத்தியர் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார்.

"நாளைக்கு இன்னொரு மலைக்காரி வந்தா, அவளைப் பத்தி உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

"ஆமாம் ஐயா."

"அப்ப அவளையும் நீ ஒண்ணும் கேக்கப் போறதில்லை."