வெந்நீர் கொண்டு வா

தாழைமடுக் குளக்கரையில் சடையாண்டி என்ற கரடி ஆஸ்பத்திரி வைத்திருந்தது. காட்டில் டாக்டர் என்றால் கால்நடை டாக்டர்தான். நோயாளியும் நாலு காலில் வரும், டாக்டரும் நாலு காலில் வரும், அதில் புதுமை ஒன்றும் இல்லை.

சடையாண்டிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு வைத்தியம். தொண்டையில் எலும்போ முள்ளோ சிக்கிக்கொண்டு யார் வந்தாலும், அடுத்த மூச்சு விடுவதற்குள் எடுத்துவிடும். எப்படி எடுக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. நோயாளியின் கண்ணைத் தேக்கிலையால் கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

நாளுக்கு நாள் கூட்டம் கூடியது. ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியவில்லை. 'உதவி டாக்டர் தேவை' என்று இலுப்பை மரத்தில் எழுதி மாட்டியது கரடி. மறுநாள் காலையிலேயே வடிவு என்ற கீரி வந்து நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஐந்து வருஷம் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, தோளில் ஒரு பையோடு வந்திருந்தது.

"சம்பளம் நாளைக்கு ஆறு கெண்டை மீன்," என்றது கரடி.

"அக்கரையில கழுதைப்புலி ஆஸ்பத்திரியில பன்னிரண்டு தர்றாங்க ஐயா."

"தருவாங்கம்மா. ஆனா அங்க யாரு உனக்குக் கத்துத் தருவா? முதல் நாளே முதலை வாய்க்குள்ள கையை விடுன்னு சொல்லிட்டு அவங்க சாப்பிடப் போயிடுவாங்க. இங்க ஒரு வருஷம் நான் உன் கூடவே நிப்பேன். என் வித்தை முழுக்க உனக்குத்தான்."

வடிவு யோசித்தது. கல்லூரியில் தொண்டையைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதை நடத்த வேண்டிய ஆசிரியர் ஆமை. அது வகுப்புக்கு வந்து சேருவதற்குள் வருஷமே முடிந்துவிட்டது. அதனால் வடிவுக்குத் தொண்டை என்றாலே பயம்.

"லீவு எப்படி ஐயா?"

"அமாவாசைக்கு அமாவாசை."

"தங்க இடம்?"

"பின்னால ஒரு பொந்து இருக்கு. மழைக்கு ஒழுகாது. பெரிய மழைக்குத்தான் ஒழுகும்."

"நோயாளி கடிச்சுட்டா?"

இந்தக் கேள்வியைக் கரடி எதிர்பார்க்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டது. "கடிபட்டா ஏழு நாள் ஓய்வு. ஓய்வு நாளுக்கும் மீன் உண்டு. போதுமா?"

"போதும் ஐயா. எழுதிக் குடுத்துடுங்க."

கரடி ஒரு பூவரசு இலையில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தது. மீன், லீவு, பொந்து, கடி. ஐந்தாவது வரி இது: 'உதவி டாக்டருக்குக் கூட நின்று எல்லாம் கற்றுத் தரப்படும்.' வடிவு அந்த ஐந்தாவது வரியை மூன்று தடவை படித்தது. ஆறு மீன் குறைந்தால் குறையட்டும், வித்தை கைக்கு வந்துவிட்டால் ஆயுசுக்கும் சோறு போடும் என்று அதற்குச் சந்தோஷம். இலையை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு முள்ளால் குத்தி மாட்டிவிட்டு வேலையில் சேர்ந்தது.

முதல் நோயாளி ஒரு சிறுத்தை. தொண்டையில் மான் எலும்பு. கண் பிதுங்கிக் கிடந்தது.

"நான் எந்தப் பக்கம் நிக்கட்டும் ஐயா?" என்று ஆவலாகக் கேட்டது வடிவு.

"நீயா? நீ போய் வெந்நீர் கொண்டு வா," என்றது கரடி.

வடிவு ஓடியது. சுள்ளி பொறுக்கி, அடுப்பு மூட்டி, ஊதி ஊதிக் கொதிக்க வைத்துப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சிறுத்தை வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தது. எலும்பு பாறைமேல் கிடந்தது.

"வெந்நீர் ஐயா."

"இங்க வை," என்றது கரடி. பானைக்குள் இரண்டு பாதங்களையும் விட்டுக்கொண்டு, "ஆகா," என்று கண்ணை மூடிக்கொண்டது.

அடுத்த நாள் ஒரு நரி வந்தது. தொண்டையில் நண்டு ஓடு. "வடிவு, வெந்நீர்." அதற்கடுத்து ஒரு நீர்நாய். "வடிவு, வெந்நீர்." உண்ணி பிடுங்குவது, காது கழுவுவது, குளம்புக்கு மருந்து போடுவது எல்லாவற்றையும் வடிவு தனியாகத்தான் பார்த்தது. கரடி மர நிழலில் படுத்திருந்தது.

"கூட நிக்கிறேன்னு சொன்னீங்களே ஐயா," என்று ஒரு நாள் கேட்டது.

"இங்க இருந்து உன்னைப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்? இதுவும் கூட நிக்கிறதுதான்."

"தொண்டை வைத்தியம் எப்பக் கத்துத் தருவீங்க?"

"அவசரப்படாத. வெந்நீர் போடுறதுல நல்லா தேறிட்ட. போன மாசம் இவ்வளவு சூடா வராது."

இதைக் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? வடிவு போய் அடுப்பை ஊதியது.

மூன்று மாதம் போனது. ஒரு நாள் வடிவு பொறுக்க முடியாமல், வேலை உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுவிடலாம் என்று சுவரிடம் போனது. அங்கே முள் மட்டும் இருந்தது. கீழே ஒரு வெள்ளாடு வாயை அசைத்துக்கொண்டு நின்றது. வயிற்று வலி என்று வாரம் மூன்று நாள் வரும் ஆடு அது. எதனால் வயிற்று வலி என்று இப்போது தெரிந்தது.

"என் உத்தரவைத் தின்னுட்டியா?"

"சும்மா தின்னலம்மா, படிச்சுட்டுத்தான் தின்னேன்," என்றது ஆடு. "அஞ்சு வரி இருந்துச்சு. அதுல கடைசி வரி மட்டும் கொஞ்சம் கசந்துச்சு."

வடிவு கரடியிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னது. கரடி முகத்தில் வருத்தமே இல்லை.

"இலையே போயிடுச்சு. அப்புறம் என்ன வரி?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

வடிவுக்கு அழுகை வந்தது. ஐந்து வருஷம் படித்தது அடுப்பு ஊதவா? அன்று சாயங்காலமே காகத்தின் மூலம் கழுதைப்புலி ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பியது. 'இடம் இருக்கிறது. பன்னிரண்டு மீன். வந்த அன்றைக்கே முதலைத் தொண்டை பார்க்க வேண்டும்' என்று பதில் வந்தது. முதலை என்று கேட்டதும் வடிவு காகத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னது. இருந்தாலும் பையைக் கட்டி வைத்துவிட்டது. இங்கே இருந்தால் ஒன்றும் தெரியாமலே கிழடாகிவிடும்.

காலையில் பையோடு வந்து, "நான் போறேன் ஐயா," என்றது.

கரடி துள்ளி எழுந்தது. "போறியா? பொந்து குடுத்தேன், மீன் குடுத்தேன், மூணு மாசம் வச்சுக் காப்பாத்துனேன், இப்பப் போறியா?"

"வித்தை குடுக்கலையே ஐயா."

"அப்படின்னா இன்னைக்கு மீன் கிடையாது!" என்றது கரடி. வடிவுக்காகத் தேக்கிலையில் வைத்திருந்த ஆறு கெண்டைகளையும் இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டது. கோபத்தில் மென்று தின்னவும் தோன்றவில்லை. முழுசு முழுசாக வாயில் போட்டுக்கொண்டே கத்தியது. "நீ இல்லைன்னா இந்த ஆஸ்பத்திரி நடக்காதா? உனக்கு முன்னாடி நடக்கல? எனக்கு யார் தயவும் வேண்டாம். என் வித்தை என்கிட்ட இருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு..."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நாலாவது கெண்டையின் முள் தொண்டையில் குறுக்கே நின்றுவிட்டது.

காட்டில் தொண்டை முள் எடுக்கத் தெரிந்த டாக்டர் ஒருவர்தான். அவர் தொண்டையில் இப்போது முள். கரடி கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டது. காது வலிக்காக வரிசையில் உட்கார்ந்திருந்த சிறுத்தையும், வழக்கம்போல் வந்திருந்த ஆடும் எழுந்து ஓடி வந்தன.

கரடி தன் வாயைக் காட்டியது. வடிவைக் காட்டியது. உதட்டைக் குவித்துக் குவித்துக் காட்டியது.

"ஊதணுமா? வெந்நீரா ஐயா?" என்று கேட்டது வடிவு.

கரடி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டது. ஆனால் அதற்குள் வடிவின் கால்கள் அடுப்பை நோக்கி ஓடிவிட்டன. அந்த ஆஸ்பத்திரியில் அதற்குச் சொல்லித் தரப்பட்ட வைத்தியம் அது ஒன்றுதானே. சற்று நேரத்தில் ஆவி பறக்கும் பானையோடு வந்து நின்றது. ஆடு அந்தப் பானையை வாங்கிக் கரடியின் காலடியில் பதவிசாக வைத்து, "காலை விடுங்க டாக்டர்," என்றது.

கரடியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மூச்சு விசில் அடித்தது. முகம் வீங்கத் தொடங்கியது.

"எனக்குத் தெரியாதே ஐயா," என்று வடிவு சொன்னது. "நீங்க ஒரு தடவைகூடக் காட்டலையே."

கரடி அதைக் கேட்டது. பதில் சொல்ல ஆயிரம் இருந்தது, சொல்லத்தான் வழி இல்லை. வைத்தியம் முழுக்க அதன் தலைக்குள் பத்திரமாக இருந்தது. தலையிலிருந்து வெளியே வரும் வழியில்தான் முள் நின்றுகொண்டிருந்தது.

வடிவு அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எதிரே கிடந்தது மூச்சுக்குத் தவிக்கும் ஒரு நோயாளி. வடிவு பையைக் கீழே வைத்தது. சுற்றிலும் பார்த்தது. அதன் பார்வை சிறுத்தையிடம் நின்றது.

"அண்ணே, நீங்க இங்க மூணு தடவை எலும்பு எடுத்துக்கிட்டீங்கல்ல? டாக்டர் என்ன செஞ்சார்?"

"கண்ணைக் கட்டிட்டாரேம்மா, நான் எதைக் கண்டேன்?"

"கண்ணைத்தான கட்டினார்? தொண்டையைக் கட்டலையே. உங்களுக்கு என்ன பட்டுச்சு, அதைச் சொல்லுங்க. சீக்கிரம்."

சிறுத்தை கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தது. "முதல்ல பாறை விளிம்புல படுக்க வச்சுத் தலையைத் தொங்க விடுவார். அப்புறம் தாடைக்கு அடியில தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க நாக்கு தானா வெளிய தொங்கிடும். அதுக்கப்புறம்..." சிறுத்தை தயங்கியது. "சொல்லவே கூச்சமா இருக்கு. ஒரு சத்தம் கேக்கும். கரடி புற்றுல வாய வச்சுக் கரையான் உறிஞ்சுமே, அந்தச் சத்தம். எலும்பு வந்துடும்."

"உறிஞ்சுறதா? இவ்வளவுதானா?" என்றது ஆடு.

கரடி முகத்தை மூடிக்கொண்டது. இந்த 'இவ்வளவுதானா' என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அது இத்தனை வருஷமாக ஊர் கண்ணைக் கட்டி வைத்திருந்தது.

"எனக்கு அந்த உதடு இல்ல," என்று கரடியிடம் சொன்னது வடிவு. "ஆனா உங்க வாய்க்குள்ள போற அளவுக்கு உடம்பு இருக்கு. கடிச்சீங்கன்னா ஏழு நாள் ஓய்வு, ஞாபகம் இருக்கட்டும்."

"அந்த வரி இருந்துச்சு, நான் சாட்சி," என்றது ஆடு.

கரடியைப் பாறை விளிம்பில் மல்லாத்தித் தலையைத் தொங்க விட்டார்கள். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு தாடைக்கு அடியில் தேய்த்தது. நாக்கு வெளியே வந்து தொங்கியது. வடிவு ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டு, உள்ளே நுழைந்தது. தலை போனது, தோள் போனது, கடைசியில் வால் மட்டும் வெளியே தெரிந்தது. அதற்குப் பயம்தான். அதைவிட அதிகமாகப் பயந்தது கரடி. வாயை மூடிவிடக் கூடாதே என்று இரண்டு கைகளாலும் தன் தாடைகளைத் தானே பிடித்துக்கொண்டிருந்தது.

வால் ஒரு முறை விறைத்தது. பிறகு வடிவு பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தது. அதன் பற்களுக்கு நடுவே வளைந்த கெண்டை முள்.

கரடி நீளமாக மூச்சு விட்டது. பிறகு கரகரத்த குரலில் முதல் வார்த்தை வந்தது.

"வெந்நீர்."

வடிவு பானையை நீட்டியது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்த ஆஸ்பத்திரியில் வெந்நீர் ஒரு தொண்டைக்குப் போனது.

குடித்து முடித்ததும் கரடி தலையைக் குனிந்துகொண்டது. "போகாதம்மா வடிவு. நீ கத்துக்கிட்டா கூட்டமெல்லாம் உன் பின்னாடி வந்துடும்னு பயந்தேன். வைத்தியம் இவ்வளவுதான்னு தெரிஞ்சா சிரிப்பாங்கன்னும் பயந்தேன். நான் செஞ்சது தப்பு."

வடிவு பையை எடுக்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. "பன்னிரண்டு மீன்," என்றது. "பெரிய மழைக்கும் ஒழுகாத பொந்து. அஞ்சாவது வரி முதல் வரியா வரணும். இலையில வேண்டாம்."

கரடி உடனே ஆஸ்பத்திரி வாசல் பாறையில் நகத்தால் கீறி எழுதியது. ஆடு வந்து ஒரு முறை நக்கிப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு போனது.

மறுநாள் ஒரு புலி தொண்டையில் முள்ளோடு வந்தது. வடிவு பழக்கதோஷத்தில் பானையை எடுத்துக்கொண்டு திரும்பியது.

"அடுப்பு கிடக்கட்டும். இங்க பக்கத்துல வா, பாரு," என்றது கரடி. யார் கண்ணையும் கட்டவில்லை. புலியின் தலையைத் தொங்கவிட்டு, தாடையைத் தேய்த்து, உதட்டை நீளமாகக் குவித்து, 'உர்ர்ர்' என்று உறிஞ்சியது. வரிசையில் இருந்த நோயாளிகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வடிவு மட்டும் சிரிக்கவில்லை. கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

முள் பாதி வந்து நின்றுவிட்டது. வளைந்த முள் அது. கரடி நிமிர்ந்து, "இதுக்கு உன் வழிதான் சரி, நீ உள்ள போ," என்று விலகி இடம் விட்டது.

கற்றுத் தருகிறேன் என்று சொல்லி ஒருவரை வேலைக்கு வைத்துவிட்டு அவரிடமே ஒளித்து வைக்கும் வித்தை, நமக்கு ஆபத்து வரும் நாளில் நம்மையே காப்பாற்றாது.