காபி சாப்பிட்ட ராணியும் கழுதை கேட்ட கேள்வியும்

மலை முடிந்தும் முடியாமல், சமவெளி தொடங்கியும் தொடங்காமல் இருக்கிற இடத்திலே, தேனடைக்கோட்டை, தேனடைக்கோட்டை என்று ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊரை மருதப்ப ராசா, மருதப்ப ராசா என்று ஒருவர் ஆண்டு வந்தாராம். அவருக்கு ஆனை இருந்தது, சேனை இருந்தது, அள்ளக் குறையாத நெல் இருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் இல்லை. என்ன சொல் என்றா கேட்கிறீர்கள்? அதைத்தான் சொல்ல வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

ராசாவின் அப்பா கள் குடித்துக் குடித்தே கண்ணை மூடியவர். மகன் பட்டத்துக்கு வந்த அன்றே கள்ளுப்பானைகளை உடைத்தார், பனைமரத்துக்குக் காவல் போட்டார், அப்படியும் மனம் ஆறாமல் 'குடி' என்கிற சொல்லையே நாடு கடத்திவிட்டார். "இனிமேல் யார் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரக்கூடாது. தண்ணீரா? சாப்பிடு. மோரா? சாப்பிடு. கஷாயமா? அதையும் சாப்பிடு!" என்று ஆணை பிறந்தது.

பாவம், தண்டோரா போடுகிறவன்தான் அகப்பட்டுக்கொண்டான். 'நாட்டுக் குடிமக்களே' என்று கூவியே பழகின வாய். இப்போது எப்படிக் கூவுவது? யோசித்தான், யோசித்தான், கடைசியில் "நாட்டுச் சாப்பிடுமக்களே!" என்று கூவினான். விருந்து போடுகிறார்கள் என்று நினைத்து ஊரே வாழை இலையோடு ஓடி வந்தது. அவன் அறிவித்ததோ ஏரிக்கரை கட்ட ஆள் வேண்டும் என்று! இலையைக் கீழே போட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்படி இருக்கையில் மலைமேலிருந்து கருக்குவேல் என்று ஒருவன் ஒரு மூட்டைக் காபிக்கொட்டையோடு இறங்கி வந்தான். வறுத்தான், இடித்தான், வடித்தான், பாலைக் காய்ச்சி ஊற்றி டம்ளரில் நுரை ததும்ப ஆற்றிக் கொடுத்தான். ராணிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே கருக்குவேல் அரண்மனைக் காபி அதிகாரி ஆகிவிட்டான்.

ராணியின் பெயர் வெள்ளைநாச்சி. அதுவே பெரிய வம்பாய்ப் போயிற்று. ஏனென்றால் அந்த அம்மாளுக்கு மெல்ல மெல்லச் சோகை பிடித்தது. உதடு வெளுத்தது, நகம் வெளுத்தது, கண்ணுக்குள்ளே கூட வெளுத்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. "பெயரே வெள்ளைநாச்சி, வெளுக்காமல் கறுக்கவா செய்வார்கள்?" என்று தாதிகள் சிரித்தார்கள். ராணிக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. தெம்பு வேண்டும் என்று ஒரு டம்ளர் காபி சாப்பிட்டாள். சாப்பிட்டால் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது, பிறகு தூக்கம் வரவில்லை. தூக்கம் இல்லாததால் விடிந்ததும் அலுப்பு. அலுப்புக்கு இன்னொரு டம்ளர். நெஞ்சு படபடவென்று அடித்தது. படபடப்புக்கு வேறென்ன, இன்னொரு டம்ளர்! எது நோய், எது மருந்து என்று அவளுக்கே பிடிபடவில்லை.

ஒருநாள் ராணி முற்றத்தில் மயங்கி விழுந்தாள். அப்போதுதான் ராசா பதறிப்போய்ப் பக்கத்து நாட்டிலிருந்து ஒச்சப்ப வைத்தியரை வரவழைத்தார்.

வைத்தியர் வாசலில் வந்து நின்றார். காவலன், "பசியோடவா வந்தீங்க?" என்று கேட்டான். "இல்லப்பா, கஞ்சி குடி..." என்பதற்குள் அவர் வாயைப் பொத்திவிட்டான். "ஐயோ, அந்தச் சொல் இங்கே ஆகாது! கஞ்சி சாப்பிட்டேன்னு சொல்லுங்க!"

"சரி, சாப்பிட்டேன்" என்றார் வைத்தியர். என்ன ஊரடா இது என்று குழம்பிக்கொண்டே உள்ளே போனார்.

நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "இரத்தம் சுண்டிப்போயிருக்கு ராசா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. இரும்பைப் புடம்போட்டுத் தேனில் உருட்டின உருண்டை தருகிறேன். சாப்பிட்டதும் ஒரு உருண்டை. பிறை முழு நிலவாகிறதுக்குள்ளே முகத்தில் இரத்தம் ஏறிவிடும்."

"ஏறாவிட்டால்?" என்றார் ராசா.

"ஏறும்."

"ஏறாவிட்டால் நீர் ஏற வேண்டியிருக்கும்" என்று ராசா முற்றத்து மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கழுதை கட்டியிருந்தது. பொய் வைத்தியம் பார்த்தவனுக்கு முகத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, அதன்மேல் ஏற்றி எல்லை கடத்திவிடுவது அந்த ஊர் வழக்கம். கடலோரத்தில் இதே கதையைச் சொல்கிறவர்கள் மட்டக்குதிரை என்பார்கள். நம் கதையிலே கழுதைதான். குதிரைக்கு இவ்வளவு நையாண்டி வராது.

வைத்தியர் அதைத் தாண்டிப் போகும்போது அது வாயைத் திறந்து கேட்டதாம்:

"வைத்தியரே, இன்னிக்கா, நாளைக்கா?"

"இன்னிக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல. போய்ப் புல்லைத் தின்னு!" என்றார் வைத்தியர்.

நிலா வளர்ந்தது. ராணியின் முகத்தில் ஒரு பொட்டு இரத்தம் ஏறவில்லை. வைத்தியருக்கு ஒன்றும் புரியவில்லை. இதே உருண்டை இவர் ஊரிலே பிள்ளை பெற்ற பெண்களை எழுப்பி நடமாட வைத்தது. இங்கே மட்டும் ஏன் மண்ணைத் தின்ற மாதிரி இருக்கிறது? "தாயே, உருண்டையைச் சாப்பிட்டதும் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். "சாப்பிட்டதும் சாப்பிடுகிறேன்" என்றாள் ராணி. சரியாகத்தானே நடக்கிறது! இரும்பை இன்னும் ஒரு பங்கு கூட்டி, உருண்டையைப் பெரிதாக்கிக் கொடுத்தார்.

கருக்குவேல் இதையெல்லாம் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குள்ளே ஒரு கணக்கு ஓடியது. ராணி தெம்பானால் காபி எதற்கு? காபி எதற்கு என்று ஆகிவிட்டால் கருக்குவேல் எதற்கு? மறுநாள் காலையில் வெறுங்கையோடு ராணி முன்னால் போய் நின்றான்.

"காபி எங்கே கருக்குவேலு?"

"வைத்தியர் நிறுத்தச் சொல்லிட்டார் தாயே. பெரிய உருண்டை சாப்பிடும்போது காபி ஆகாதாம். நான் என்ன செய்ய, சொன்னதைச் செய்யுறவன்."

ராணி காபி இல்லாமல் இருந்தாள். மதியத்துக்குள் தலை இடி இடியென்று இடித்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசியது, யார் பேசினாலும் எரிச்சல் வந்தது. மறுநாள் இன்னும் மோசம். ராசா ஓடி வந்தார். அந்த நேரம் பார்த்துக் கருக்குவேல் ஒரு டம்ளர் காபியோடு வந்தான். ராணி வாங்கிச் சாப்பிட்டாள். சற்று நேரத்தில் தலைவலி பறந்துபோயிற்று.

"பாத்தீங்களா ராசா! வைத்தியர் உருண்டை தலைவலியைக் கொண்டுவந்தது. என் காபி தலைவலியை ஓட்டிச்சு. இதில் யார் வைத்தியன்?" என்றான் கருக்குவேல்.

கேட்டீர்களா கதையை! விட்டுப் பழகாத உடம்பு காபிக்காக வீம்பு பண்ணினது அந்தத் தலைவலி. வலியைக் கொடுத்ததும் காபி, எடுத்ததும் காபி. ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததோ எடுத்தது மட்டும்தான். ராசா வைத்தியரைக் கூப்பிட்டார்.

"ஓய், நாளைக் காலை வரைக்கும்தான் உமக்கு. பதில் இல்லாவிட்டால் கழுதை."

வைத்தியர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்தார். புதுசாய் முளைத்த இந்தத் தலைவலி எங்கிருந்து வந்தது? இரும்பு தலைவலி கொடுக்குமா? படித்ததெல்லாம் பொய்யா? மண்டை குழம்பிப்போயிருந்தது.

"வைத்தியரே, இன்னிக்கா, நாளைக்கா?" என்றது கழுதை.

"நாளைக்குத்தான் போல இருக்கு" என்றார் வைத்தியர்.

விடிந்தது. ராசா வந்து உட்கார்ந்தார். கரிக்கிண்ணமும் செம்மண் கிண்ணமும் வந்தன. வைத்தியருக்குச் சோறு இறங்கவில்லை. எவளோ ஒரு தாதி இரக்கப்பட்டுக் கொடுத்த ஒரு கிண்ணம் மோரோடு வந்து நின்றுவிட்டார். ராணி கட்டிலில் சாய்ந்திருந்தாள், குரலே எழும்பவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தவரை விசாரிக்காமல் இருக்க முடியுமா?

"வைத்தியரே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன் தாயே" என்றார் வைத்தியர், பழக்க தோஷத்தில்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"மோர் சாப்..."

அப்படியே நின்றுவிட்டார். வாயில் பாதிச் சொல் தொங்கியது. மோர். வெறும் மோர். ஒரு பருக்கைச் சோறு உள்ளே போகவில்லை. ஆனால் வாய் என்ன சொல்லிற்று? சாப்பிட்டேன் என்றது!

"தாயே, தாயே! நீங்க இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"காபி சாப்பிட்டேன்."

"அப்புறம்?"

"நீங்க சொன்னபடி சாப்பிட்டதும் உருண்டையைச் சாப்பிட்டேன்."

"சோறு?"

"சோறா? அது மத்தியானம்தானே உண்பேன்? அதற்கு உருண்டை கிடையாதே. உருண்டை காபி சாப்பிட்டதும்தான். கருக்குவேலுதான் டம்ளரோடு சேர்த்தே கையில் கொடுத்திடுவானே!"

ராணியின் கட்டிலருகே டம்ளரில் காபி பாதி மிச்சமிருந்தது. வைத்தியர் தம் மடியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து அதிலே போட்டுக் கலக்கினார். ராசா எட்டிப் பார்த்தார். பழுப்பாய் இருந்த பால்காபி கறுத்தது, கறுத்துக் கறுத்து மை மாதிரி ஆகிவிட்டது.

"என்னய்யா இது?"

"எழுதுகிற மை எப்படிக் காய்ச்சுகிறோம் ராசா? கடுக்காய்த் துவர்ப்பில் இரும்பைப் போட்டுத்தானே? காபியிலும் துவர்ப்பு இருக்கு. இரும்பைக் கண்டால் கட்டிப் பிடிச்சுக்கும், இரத்தத்துக்கு விடாது. நான் இரத்தத்துக்கு இரும்பு கொடுத்தேன். ராணியம்மா வயிற்றில் மை காய்ச்சியிருக்காங்க!"

ராசாவுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. "அப்படியானால் காபியை நிறுத்தச் சொன்னீரே, அப்போது ஏன் தலைவலி?"

"நானா? நான் எப்போ நிறுத்தச் சொன்னேன்?"

"கருக்குவேலு சொன்னானே!" என்றாள் ராணி.

எல்லாரும் கருக்குவேலைப் பார்த்தார்கள். கருக்குவேல் உத்தரத்தைப் பார்த்தான்.

"நான் நிறுத்தச் சொல்லியிருந்தால் ஒரேயடியாய் நிறுத்த விட்டிருக்க மாட்டேன்" என்றார் வைத்தியர். "டம்ளரை முக்கால் ஆக்கி, அரை ஆக்கி, மெல்லத்தான் இறக்கியிருப்பேன். பழகின உடம்பை வெட்டென்று நிறுத்தினால் தலை இடிக்கத்தான் செய்யும். காபி காய்ச்சுறவனுக்கு அது தெரியாமலா இருக்கும்?"

"கருக்குவேலு!" என்றார் ராசா. "சாப்பிட்டதும் மருந்து என்றால் காபிக்குப் பின்னாலேயா கொடுப்பாய்?"

கருக்குவேலுக்கு வேர்த்தது. ஆனால் நாக்கு விடவில்லை. "ராசா ஆணைப்படிதான் செய்தேன். காபியும் சாப்பிடுறதுதானே?"

"அப்போ காபி சாப்பாடா?"

"சாப்பாடுதான் ராசா."

"நிச்சயமாய்ச் சாப்பாடா?"

"சத்தியமாய்ச் சாப்பாடு!"

"நல்லது" என்றார் ராசா. அதோடு நிறுத்திக்கொண்டார்.

அன்று முதல் வைத்தியர் சொன்னபடி நடந்தது. சோறு உண்டதும் நெல்லிக்காய்த் துவையலோடு உருண்டை. காலையில் ஒரு டம்ளர் காபி, அதுவும் உருண்டைக்கு வெகு தள்ளி. பொழுது சாயத் தொடங்கிவிட்டால் காபி வாடையே கூடாது. ராணிக்கு முதலில் தூக்கம் வந்தது. பிறகு நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. அப்புறம் மெல்ல, மெல்ல, உதட்டில் வெற்றிலை போடாமலே சிவப்பு ஏறியது. "வெள்ளைநாச்சி சிவந்துபோனாளே, இனி என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?" என்று ராசாவே குழம்பிப்போனாராம்.

ராணி எழுந்து நடந்த நாளில் ஊருக்கெல்லாம் விருந்து. தண்டோராக்காரன் "நாட்டுக் குடிமக்களே!" என்று தொண்டை கிழியக் கூவினான். ஆமாம், அந்தச் சொல்லை ராசா திரும்ப அழைத்துவிட்டார். தள்ளி வைத்த சொல் தன் வீட்டுக்காரியின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்ததே!

பந்தியில் எல்லாருக்கும் இலை போட்டார்கள். கருக்குவேலுக்கும் தலைவாழை இலை போட்டார்கள். மற்றவர் இலையில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது, பாயசம் விழுந்தது. கருக்குவேல் இலையில் சுடச்சுடக் காபியை ஊற்றினார்கள். அது இலையில் நிற்காமல் ஓடி அவன் மடியில் பாய்ந்தது.

"ஐயோ! என்ன ராசா இது?"

"சாப்பாடுதானே? சத்தியமாய்ச் சாப்பாடுதானே? இனி உனக்குக் காலையும் மதியமும் இரவும் இதுதான் சாப்பாடு. நன்றாய்ச் சாப்பிடு!"

முதல் வேளை வீம்புக்குச் சாப்பிட்டான். அடுத்த வேளை கை நடுங்கியது. அதற்கடுத்த வேளை நெஞ்சு பறையாய் அடித்தது, வயிறு எரிந்தது, கண் மூடவே மறுத்தது. பசியோ பசி! விழுந்தடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். அங்கே கழுதை புல்லை மென்றுகொண்டு நின்றது.

"கருக்குவேலு, இன்னிக்கா, நாளைக்கா?"

"இன்னிக்கே! இப்பவே! கிளம்பு!" என்று தானாகவே அதன்மேல் தாவி ஏறிக்கொண்டான்.

போகிற வழியெல்லாம், பழக்க தோஷமோ என்னவோ, பார்க்கிறவர்கள் "சாப்பிட்டாச்சா கருக்குவேலு?" என்று கேட்டார்கள். அவன் பதில் சொல்லவே இல்லையாம்.

கழுதை மலைக்குப் போனது, கதை ஊருக்குள் நின்றது. நீங்களும் போய்ச் சோற்றை உண்ணுங்கள், தண்ணீரைக் குடியுங்கள், எதை எதற்குப் பின்னால் என்று கேட்டுக்கொண்டு மருந்தைச் சாப்பிடுங்கள்.