செத்த கையும் மயிலிறகும்

மாங்கரைச் சீமையை ஆண்ட சொக்கலிங்க ராஜாவுக்கு பூபதிராசர் என்று ஒரு மைத்துனர் இருந்தார். ராணிக்கு ஒரே தம்பி. அந்த ஒரு தகுதிக்காகவே அவரைத் தளபதி ஆக்கியிருந்தார்கள். வேலை ஒன்றும் பெரிதில்லை. திருவிழா நாளில் வெள்ளைக் குதிரையில் ஏறி முன்னால் போகவேண்டும், மீசையைத் தடவிக்கொள்ள வேண்டும். இரண்டையும் அவர் குறைவைக்காமல் செய்துவந்தார்.

அப்படி இருந்தவருக்கு ஒருநாள் நிஜமாகவே வேலை வந்துவிட்டது. மலைக் கணவாயில் கொள்ளைக்கூட்டம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு வியாபாரிகளை வெட்டிப்போட்டது.

"மாப்பிள்ளை, படையோடு போய் அவன்களைக் கட்டி இழுத்து வாருங்கள்" என்றார் ராஜா.

"உத்தரவு அத்தான்" என்றார் பூபதிராசர். அன்று மீசையைத் தடவிக்கொள்ள மட்டும் மறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சிலம்பக் கூடத்துக்குப் போய், ஆசான் மாசானத்தோடு கம்பு சுற்றினார். கம்பின் நுனி அவருடைய வலது தோளில் பட்டும் படாமலும் உரசியது. கம்பைக் கீழே போட்டார், தாமும் விழுந்தார். வலது கை செத்துவிட்டது என்றார்.

அரண்மனை வைத்தியர் அகோரம் ஓடிவந்தார். நோயாளியின் நாடியைவிட ராணியின் முகத்தை அதிகம் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிறவர் அவர். அன்று மத்தியானம் சபையில் அவர் விளக்கம் சொன்னார்.

"மகாராஜா, உடம்புக்கு ராஜா மூளை. அதிலிருந்து முதுகெலும்புக்குள்ளே ஒரு தண்டு இறங்குகிறது. அந்தத் தண்டிலிருந்து நரம்புகள் கிளை பிரிந்து விரல் நுனிவரை ஓடுகின்றன. மேலிருந்து வரும் கட்டளை நரம்பு வழியாகத்தான் கைக்கு இறங்கும். கையில் படுகிற சூடும் குளிரும் நரம்பு வழியாகத்தான் மேலே ஏறும். இந்த மாசானம் வர்மம் பார்த்துத் தட்டியிருக்கிறான். போகிற வழி, வருகிற வழி இரண்டும் அறுந்துவிட்டன. ஊசியால் குத்திப் பார்த்தேன், தளபதியார் அசையவில்லை. சுத்தமாகச் சொரணை இல்லை."

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் தம்பி கை போனதுபோல இவன் கையும் போகவேண்டும்" என்றாள்.

மாசானம் கும்பிட்டான். "அந்த அடிக்கு ஈகூடச் செத்திருக்காது, மகாராஜா. எனக்குப் பிழைப்பே இந்தக் கைதான்."

சபையில் விகடம் பேசுகிறவரான திருமேனி இதையெல்லாம் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செத்த கையைப் பட்டுத் துணியில் தொட்டில் கட்டி, அதற்குச் சந்தனம்வேறு பூசியிருந்தார்கள். ஊசிக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தெரிந்தவனுக்குக் கொள்ளைக்காரனைக் கண்டால் ஏன் கை சாகிறது என்று திருமேனி நினைத்துக்கொண்டார். வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

"மகாராஜா, எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம்."

ராணி அவரை முறைத்தாள். ராஜா இருவரையும் பார்த்தார்.

"சந்தேகத்தை இங்கேயே இப்போதே நிரூபித்துக் காட்டும். ஆனால் ஊசி கூடாது, நெருப்பு கூடாது, என் மைத்துனருக்கு எள்ளளவும் வலிக்கக் கூடாது. முடியாவிட்டால் மாசானத்தின் கை போகும். கூடவே உம்முடைய நாக்கும் போகும்."

ராஜாவுக்கு வீசிய மயில் விசிறியிலிருந்து திருமேனி ஓர் இறகை உருவிக்கொண்டார். மாசானம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் மெல்ல நடந்து பூபதிராசரிடம் போனார். குரலில் தேன் தடவிக்கொண்டார்.

"தளபதியாரே, எனக்கு ஏது சந்தேகம். தோளா, முழங்கையா, எங்கிருந்து செத்திருக்கிறது என்று எல்லையைக் காட்டிவிட்டால் மாசானம் தப்பவே முடியாது. கண்ணை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். இந்த மயிலிறகால் தொடுவேன். தொட்டது தெரிந்தால் 'ஆமாம்' என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் 'இல்லை' என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்."

மயிலிறகு என்றதும் பூபதிராசருக்கு நிம்மதி வந்துவிட்டது. "கட்டும்" என்றார்.

கண்ணைக் கட்டினார்கள். சபை மூச்சுவிடாமல் பார்த்தது.

திருமேனி இடது கையைத் தொட்டார். "ஆமாம்" என்றார் பூபதிராசர்.

இடது தோளைத் தொட்டார். "ஆமாம்."

வலது உள்ளங்கையைத் தொட்டார். "இல்லை" என்றார் பூபதிராசர், சோகமாக.

திருமேனி இறகை எடுத்துக்கொண்டு சும்மா நின்றார். பூபதிராசரும் சும்மா இருந்தார். இன்னும் நின்றார். பூபதிராசர் வாயைத் திறக்கவில்லை. பிறகு வலது சுண்டுவிரலை லேசாக வருடினார்.

"இல்லை" என்றார் பூபதிராசர் உடனே.

மணிக்கட்டு. "இல்லை." முழங்கை. "இல்லை, இல்லை. பாவி என் கையைக் கொன்றேவிட்டான்."

ராஜாவின் உதடு துடித்தது. திருமேனி இறகைக் கீழே வைத்தார்.

"மகாராஜா, நான் சும்மா நின்றபோது இவரும் சும்மா இருந்தார். செத்த கையைத் தொட்டபோதெல்லாம் தவறாமல் 'இல்லை' என்றார். வழி அறுந்துவிட்டது என்கிறார் வைத்தியர். அப்படியானால் நான் தொட்ட சேதியை மூளைக்குக் கொண்டுபோனது யார்?"

சபை சிரித்தது. ராஜா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராணி தலையைக் குனிந்துகொண்டாள். பூபதிராசர் கண்கட்டை அவிழ்த்தார். வலது கையால்.

"மாசானம், இனி நீதான் தளபதி. பொழுது சாய்வதற்குள் படையோடு கணவாய்க்குப் புறப்படு. மாப்பிள்ளை உனக்குக் கம்பு சுமந்து வருவார்" என்றார் ராஜா. தம் தோளில் கிடந்த சால்வையைத் திருமேனிக்குப் போர்த்தினார். பிறகு வைத்தியர் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"சுத்தமாகச் சொரணை இல்லை என்று என் சபையிலேயே துணிந்து பொய் சொன்னீர் அல்லவா?"

அகோரம் ராணியின் முகத்தைப் பார்த்தார். திருமேனிதான் குறுக்கே வந்தார்.

"வைத்தியர் சொன்னது முழுப்பொய் இல்லை, மகாராஜா. உங்கள் மைத்துனருக்குச் சொரணை இல்லை என்பது ஊரறிந்த உண்மை. அது கையில்தான் இல்லை என்று சொன்னாரே, அங்கேதான் தவறிவிட்டார்."