முறுக்குக் கடையில் மீட்கப்பட்ட மூன்று பிள்ளைகள்

எங்கள் கோணவாய்ப்பட்டியில் சட்டத்தை மீறியவர் என்று ஒருவரும் கிடையாது. மீறுவதற்கு முதலில் அது புரிய வேண்டுமே.

அங்கே முறுக்குக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் அழகுமலை, வயது ஐம்பத்திரண்டு. ஒருநாள் தொழிலாளர் ஆய்வாளர் வந்தார். பதினாலு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைத்திருந்தால் உடனே மீட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், பள்ளி நேரத்தில் வேலை வாங்கவே கூடாது, திங்கட்கிழமை வருவேன், தப்பிருந்தால் கடைக்கு சீல்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூவருக்கும் அப்பா விட்டுப்போனது அந்தக் கடை ஒன்றுதான். மீட்பதற்கு ஒரு பிள்ளை வேண்டுமே என்று மாவு மூட்டைக்குள் கைவிட்டுத் தேடினார்கள். எண்ணெய் டின்னைக் கவிழ்த்தும் பார்த்தார்கள். எண்ணெய் போனதுதான் மிச்சம், பிள்ளை ஒன்றும் அகப்படவில்லை.

கடைக்குட்டி தவசிக்குத்தான் பொறி தட்டியது. "அண்ணே, நீ மொதல்ல முறுக்குப் பிழிஞ்சது எந்த வயசுல?"

"ஒம்பது. மூணாங்கிளாஸ்ல இருந்து அப்பா இழுத்துக்கிட்டு வந்தாரு."

"அப்புறம் உன்னை யாராச்சும் மீட்டாங்களா?"

அழகுமலை விரல்விட்டு வருஷத்தை எண்ணிப் பார்த்தார். "இல்லியேப்பா," என்றார். நாற்பத்து மூன்று வருஷமாகத் தன் கடையில் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டிருக்கிறான், தான் கவனிக்கவே இல்லையே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. விசாரித்ததில் மற்ற இருவர் கதையும் அதேதான்.

மாட்டிக்கொண்டவன் தன்னைத் தானே மீட்க முடியாது என்று நடுவிலான் சடையாண்டி நியாயம் பேசினான். ஆகவே அழகுமலை சடையாண்டியை மீட்டார், சடையாண்டி தவசியை மீட்டான், தவசி அண்ணனை மீட்டான். இப்படி வட்டமாகக் கைகோத்துக்கொண்டதில் ஒருவர் மாற்றி ஒருவர் பின்பக்கமாக நடக்க வேண்டியிருந்தது. அப்படியே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள்.

பள்ளியில் இருந்ததே பதினோரு பிள்ளைகள். இன்னும் குறைந்தால் மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் தலைமையாசிரியர் வயதைப் பார்க்காமல் மூவரையும் மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கடை பூட்டிக் கிடந்ததைப் பார்த்த ஆய்வாளர் கேட்டு விசாரித்து வகுப்புக்கே வந்துவிட்டார். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடு, இல்லையென்றால் இப்போதே சீல் வைக்கிறேன் என்று தாளை நீட்டினார்.

"நாலு மணி ஆகட்டுங்க. பள்ளி நேரத்துல எங்களை வேலை வாங்கக் கூடாது," என்றார் அழகுமலை.

ஆய்வாளர் தலையில் அடித்துக்கொண்டார். தான் பத்து வயதில் பஸ் ஸ்டாண்டில் கடலை விற்ற நாளிலிருந்து இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை என்று கத்தினார்.

அழகுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க தம்பி. சீல் வைக்கிறதையும் நாலு மணிக்கு மேல வெச்சுக்கலாம். உங்களையும் இப்ப வேலை வாங்கக் கூடாது."

தலைமையாசிரியர் அதற்குள் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்துவிட்டார். "அப்பா பேரு சொல்லுப்பா," என்றார்.