தொண்ணூறு முடிச்சுக்கு ஆறு நாள்

காட்டாற்றின் தாழ்ந்த கரையில் முயல்கள் வளை தோண்டிக் குடியிருந்தன. மழை பிடித்தால் வளைக்குள் வெள்ளம் புகுந்துவிடும். அதனால் கருவாலன் என்ற குரங்கும் அவன் கூட்டத்தாரும் கொடிகளை முடிந்து, அக்கரைக்கு ஒரு பாலம் கட்டினார்கள். மொத்தம் தொண்ணூறு முடிச்சு.

முடிச்சுகளைச் சோதிக்கச் செம்பி என்ற உடும்பை அழைத்தார்கள். அவள் பிடித்தால் பிடித்ததுதான். அவள் இழுத்தும் அவிழாத முடிச்சு எதற்கும் அவிழாது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு, இருக்கட்டுமே!

"ஒரு நாள் போதும்ல உடும்பக்கா? சும்மா ஒரு நடை நடந்துட்டு, சரின்னு சொல்லிடுங்க" என்றான் கருவாலன்.

செம்பி பாலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "ஆறு நாள். என்கூட இன்னொரு உடும்பு. உன் ஆளுங்க நாலு பேர் எங்கேயும் போகாம இங்கேயே இருக்கணும்."

"ஆறு நாளா! கட்டினதே அஞ்சு நாள்தான்."

"எல்லா முடிச்சையும் இழுத்துப் பார்க்க மூணு நாள். அவிழ்ந்ததை நீங்க கட்டினப்புறம் திரும்ப இழுக்க ரெண்டு நாள். கல்லை ஏத்திப் பார்க்க ஒரு நாள்."

"ரெண்டே நாள்ல முடிச்சுக்கலாமே. மேகம் வேற கறுக்குது."

செம்பியும் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தாள். மழை முந்திக்கொண்டால் பழி அவள் தலையில்தான் விழும். ஆனாலும் அவள் ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை.

"ரெண்டு நாள்னா அறுபது முடிச்சுதான் பார்ப்பேன். மீதி முப்பதுல முயல்குட்டிங்க கால் வைக்காம தாண்டிடுமான்னு நீயே சொல்லு."

கருவாலன் வாயைத் திறக்குமுன் முயல் தலைவி வெள்ளச்சி சொன்னாள்: "ஆறு நாளே எடுத்துக்கங்க அக்கா."

முதல் மூன்று நாளில் செம்பியும் உடன் வந்த உடும்பும் இழுத்ததில் ஏழு முடிச்சுகள் கையோடு வந்துவிட்டன. குரங்குகள் அவற்றை இறுக்கிக் கட்டின. நாலாம் நாள் அவற்றையும் அக்கம்பக்கத்து முடிச்சுகளையும் இழுத்தாள். பக்கத்தில் இருந்தவற்றில் மூன்று அவிழ்ந்தன.

"இதையெல்லாம் நேத்து சரின்னீங்களே?"

"நேத்து சரிதான். பக்கத்து முடிச்சை நீ இழுத்துக் கட்டினதுல இது தளர்ந்துபோச்சு. அதுக்குத்தான் அந்த ரெண்டு நாள் கேட்டேன்."

கருவாலன் தலையைச் சொறிந்தான். பிறகு மூன்றையும் கட்டினான். ஐந்தாம் நாள் செம்பி திரும்ப இழுத்தபோது எதுவும் அவிழவில்லை.

ஆறாம் நாள் கல் ஏற்றிப் பார்த்தார்கள். பாலம் ஆடியது, ஆனால் அறுந்துவிடவில்லை. ஏழாம் நாள் காலையில் மழை கொட்டியது. வெள்ளம் வளைகளுக்குள் பாய, முயல்கள் குட்டிகளை முன்னால் விட்டுக்கொண்டு பாலத்தில் ஓடின. அத்தனை பேரும் அக்கரை சேர்ந்தார்கள். ஒரு முடிச்சும் அவிழவில்லை.

"பாலம் கட்டினது யாரு தெரியுமா?" என்று கருவாலன் மார்தட்டினான்.

"நீதான் தம்பி. தாங்கும்னு சொன்னது நான்" என்றாள் செம்பி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு.

ஒரு வேலையைச் சோதிக்க எத்தனை நாள், எத்தனை பேர் வேண்டும் என்று உள்ளபடி கேட்டு வாங்குபவரால்தான், அது தாங்கும் என்று துணிந்து சொல்ல முடியும்.