ஒரு கரண்டிப் பவுடரும் கோட்டைச்சாமியின் மீசையும்

தூங்காவூரணிக்கு வழி கேட்டால், "பஸ்ல ஏறித் தூங்கிடுங்க, முழிச்ச இடத்துல இறங்கித் திரும்பி நடந்து வாங்க" என்றுதான் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் வீடு போய்ச் சேருகிறார்கள். முன்னாலேயே இறங்கிவிடலாமே என்று இதுவரை யாரும் யோசித்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஊர் அது.

அந்த ஊரில் கோட்டைச்சாமிக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய மீசைக்கு வயது நாற்பது. தினமும் காலையில் அதற்கு எண்ணெய் தடவி, சீவி, இரண்டு முனையையும் முறுக்கி விட்டுவிட்டுத்தான் தன் தலையைச் சீவுவார். ஊரில் அவரைத் தெரியாதவர்களுக்குக்கூட மீசையைத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட மீசைக்குத்தான் ஆபத்து வந்தது. காணும் பொங்கலன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். ஒரு பக்கத்துக்கு நாலு பேர். நாலு வருஷமாகத் தூங்காவூரணி அணி வேப்பங்குண்டு அணியிடம் தோற்றுக்கொண்டே இருந்தது. வேப்பங்குண்டு அணியின் தலைவர் அழகுமலை, கோட்டைச்சாமிக்குச் சம்பந்தி. அவர் வீட்டுக்குத்தான் இவர் மகளைக் கொடுத்திருந்தார். வேறு யாரிடம் தோற்றாலும் அன்றோடு போய்விடும். சம்பந்தியிடம் தோற்றால் வளைகாப்பு, காதுகுத்து என்று வருஷம் பூராவும் தோற்க வேண்டியிருக்கும்.

பேரனைத் தொட்டிலில் போட்ட அன்று, விருந்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அழகுமலை சொன்னார், "சம்பந்தி, தொட்டில் கயித்தை மட்டும் நீங்க பிடிக்காதீங்க. புள்ள கீழ விழுந்துரும்."

பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு நிமிர்ந்து சிரித்தார்கள். கோட்டைச்சாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தப் பொங்கலுக்கும் தோத்தேன்னா என் மீசையை எடுத்துடறேன்!"

"எடுத்துட்டு ஒரு போட்டோ அனுப்புங்க" என்றார் அழகுமலை. பிறகு பாயசத்தை உறிஞ்சினார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தபோதுதான் கோட்டைச்சாமிக்குத் தான் சொன்னது உறைத்தது. பதினெட்டு வயதுக்குப் பிறகு அந்த மேலுதட்டை அவரே பார்த்ததில்லை. அவர் மனைவி முத்திருளாயி ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ என்று நினைத்ததும் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

அவர் அணியில் இன்னும் மூன்று பேர். சடையாண்டி மச்சான்முறை, எட்டாவது வரை படித்தவர், ஆகவே அணிக்கு மூளை அவர்தான். பெத்தணன் அணிக்கு எடை. ஒச்சப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

பெத்தணனின் மருமகன் மதுரையில் ஜிம் வைத்திருந்தார். மாமனார் புலம்பியதைக் கேட்டு அவர் ஒரு கறுப்பு டப்பாவை அனுப்பி வைத்தார். மேலே கழுத்தே இல்லாத ஓர் ஆளின் படம். உடற்பயிற்சிக்கு முன்னால் குடிக்கிற பவுடராம். குடித்தால் களைப்புத் தெரியாதாம். டப்பாவில் மருமகன் தன் கையால் மூன்று வரி எழுதி ஒட்டியிருந்தார். உடற்பயிற்சிக்கு முப்பது நிமிஷம் முன்னால் ஒரு கரண்டி தண்ணீரில் கலந்து குடிக்கவும். வயதானவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

முதல் வரியை முதலில் செய்வதுதான் முறை என்று சடையாண்டி சொல்லிவிட்டார். டாக்டர் இரண்டாவது வரியில்தான் வருகிறார்.

பெத்தணன் டப்பாவின் மூடியைத் திருகினார். அது அசையவில்லை. மறுபடி திருகினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"நிறுத்துய்யா!" என்று கத்தினார் சடையாண்டி. "மூச்சு வாங்குதா? வேர்க்குதா? அப்ப இது உடற்பயிற்சி. பவுடரைக் குடிக்காம உடற்பயிற்சி பண்ணிட்டியே!"

பெத்தணன் பயந்துபோய் டப்பாவைக் கீழே வைத்தார்.

"அப்ப மூடியைத் திறக்கணும்னா அரை மணி நேரம் முன்னாடியே இதைக் குடிச்சிருக்கணும்" என்றார் கோட்டைச்சாமி.

"குடிக்கணும்னா மூடியைத் திறக்கணுமே, அண்ணே" என்றார் பெத்தணன்.

"அதான் இதுல இருக்கிற சூட்சுமம். சும்மா எல்லாராலயும் குடிச்சிட முடியுமா?" என்றார் சடையாண்டி. ஒச்சப்பன் தலையாட்டினார்.

நாலு பேரும் டப்பாவைச் சுற்றி உட்கார்ந்து மத்தியானம் முழுக்க யோசித்தார்கள். முத்திருளாயி முறுக்குத் தட்டோடு வந்தாள், விஷயத்தைக் கேட்டாள், ஒரே திருகில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் அந்தப் பவுடரை எப்போது குடித்தாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த சிக்கல் கரண்டி. ஒரு கரண்டி என்று எழுதியிருந்ததே தவிர, யார் வீட்டுக் கரண்டி என்று எழுதவில்லை. நாலு வீட்டுக் கரண்டிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்து, கோட்டைச்சாமி வீட்டுக் குழம்புக் கரண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். பவுடருக்குள் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் கரண்டி புதைந்து கிடந்தது. அதை மருமகன் கைதவறிப் போட்டிருப்பார், பாவம், தேடிக்கொண்டிருப்பார் என்று ஒச்சப்பன் தபாலில் அவருக்கே திருப்பி அனுப்பினார்.

நாலு பேரும் ஆளுக்கொரு கரண்டி குடித்தார்கள். இனி முப்பது நிமிஷத்துக்கு உடற்பயிற்சி எதுவும் நடந்துவிடக் கூடாது. அதனால் கையைக் காலை ஆட்டாமல் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒச்சப்பன் மூக்கில் ஈ உட்கார்ந்தது. அவர் அதற்கும் தலையாட்டவில்லை.

கால் மணி நேரம் போனது.

"அண்ணே, என் காதுல எறும்பு ஊருது" என்றார் பெத்தணன்.

"எனக்குக் கழுத்துல."

"எனக்கு மீசைக்குள்ள" என்றார் கோட்டைச்சாமி. "ஒரு புத்தே இருக்கு மச்சான். மொத்தக் குடும்பமும் நடமாடுது."

"அது எறும்பு இல்ல. பலம்" என்றார் சடையாண்டி. "உள்ள வந்துட்டு எங்க தங்கலாம்னு இடம் தேடுது. யாரும் சொறிஞ்சு விரட்டிறாதீங்க."

முப்பதாவது நிமிஷம் எழுந்து ஓடி, புளியமரத்தில் கட்டி வைத்திருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு மூச்சு இழுத்திருப்பார்கள். கோட்டைச்சாமிக்கு மீசை அரிப்புத் தாங்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிறாண்டினார். முன்னால் நின்றவர் விட்டுச் சாய்ந்ததும் பின்னால் நின்ற மூன்று பேரும் மல்லாந்தார்கள். அன்றைய பந்தயத்தில் மரம் ஜெயித்தது.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதால் மறுநாள் இரண்டாவது வரியைச் செய்யப் போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாலு பேருக்கும் பிரஷர் பார்த்தார். இரண்டு பேருக்கு எகிறியிருந்தது.

"குழம்புக் கரண்டியிலயா குடிச்சீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுல காபியில இருக்கிற சரக்கேதான் நெறைய இருக்கு. ஊரல் எடுக்கறது அதுல கலந்திருக்கிற இன்னொண்ணால. உங்க வயசுக்கு இதெல்லாம் வேணாம்யா. தினமும் நடங்க, கயித்தை இழுத்துப் பழகுங்க. ரொம்ப ஆசையா இருந்தா போட்டிக்கு முன்னாடி ஒரு காபி குடிங்க, போதும். இந்த டப்பாவை இனிமே யாரும் கையால தொடக் கூடாது. புரிஞ்சுதா?"

நன்றாகப் புரிந்தது. அன்றிலிருந்து அவர்கள் டப்பாவைக் கையால் தொடவே இல்லை. இடுக்கியால்தான் எடுத்தார்கள்.

மூன்றாவது வரிதான் பாக்கி. கோட்டைச்சாமிக்கு ஒரே ஆண் குழந்தை. பெயர் பாண்டித்துரை. வயது முப்பத்தொன்று, உயரம் ஆறடி, மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலை.

"பரண்ல வைக்கலாமா?" என்றார் பெத்தணன்.

"நின்னுக்கிட்டே எடுப்பான்."

"தென்னை மரத்துல?"

"போஸ்ட் மரத்துலயே ஏறுறவன்யா."

"மேல எங்க வச்சாலும் எட்டிருவான். அப்ப கீழதான்" என்றார் சடையாண்டி. ஆகவே டப்பாவைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டார்கள். அன்றைக்குத்தான் கோட்டைச்சாமி பிள்ளையைப் பற்றிய கவலை இல்லாமல் சாப்பிட்டார்.

காணும் பொங்கல் வந்தது. போட்டி பத்து மணிக்கு. கிணற்றிலிருந்து டப்பாவை இழுப்பது உடற்பயிற்சி ஆகிவிடும் என்பதால் பாண்டித்துரையைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னார்கள். டப்பாவின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதை இடுக்கியால் பிடித்து, டாக்டரம்மா சொன்ன காபியில் தட்டி, ஒன்பதரைக்குச் சரியாகக் குடித்தார்கள். மைதானத்துக்கு நடந்தால் அதுவும் உடற்பயிற்சி. எனவே முத்திருளாயியும் மற்ற மூன்று பேரின் மனைவிகளும் அவர்களை நெல் மூட்டை தூக்குவது போலத் தூக்கி ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். பெத்தணனுக்கு மட்டும் நாலு பெண்களும் சேர வேண்டியிருந்தது.

மைதானத்தில் ஊராட்சித் தலைவர் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். வண்டியை விட்டு இறங்காமல் நாலு பேரும் உட்கார்ந்திருந்தபோது கோட்டைச்சாமியின் மூக்குக்குக் கீழே எறும்புகள் கிளம்பின.

"மச்சான், வந்துருச்சு" என்றார். "மீசைக்குள்ளதான். என்னால கயித்தைப் பிடிக்க முடியாது. நான் விட்டா எல்லாரும் விழுவோம். விழுந்தா தோப்போம். தோத்தா மீசை போச்சு. நாப்பது வருசம் மச்சான். எங்கப்பா செத்தப்பக்கூட இதை எடுக்கலையே." அவர் கண்ணில் தண்ணீர் திரண்டது. விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை இப்படி வந்து நிற்குமென்று அவர் நினைக்கவில்லை.

சடையாண்டி கண்ணை மூடி யோசித்தார். "அரிக்கிறது எங்க?"

"மீசையில."

"மீசை இல்லேன்னா?"

"அரிக்காது."

"அரிக்கலேன்னா?"

"கயித்தை விடமாட்டேன்."

"விடலேன்னா?"

"ஜெயிப்போம்!"

"ஜெயிச்சா?"

"மீசை தப்பிச்சிரும்!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கூவினார்கள். ஒச்சப்பன் இந்த முறை உடம்பு முழுக்க ஆட்டினார்.

எதிரே இருந்த சலூன்காரரை வண்டிக்கே வரவழைத்தார்கள். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ஒதுக்கவா, எடுக்கவா?" என்று கேட்டார்.

"இந்த மீசையை எப்படியாவது காப்பாத்தணும்" என்றார் கோட்டைச்சாமி, கையைக் கூப்பி. "எடுத்துருங்க."

சலூன்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டு எடுத்தார். விழுந்த முடி ஒன்றுவிடாமல் கோட்டைச்சாமி காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில், நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அரிப்பு என்னவோ நிற்கவில்லை. ஆனால் அவர் சடையாண்டியின் மனம் நோகக் கூடாதென்று வெளியே சொல்லவில்லை.

நடுவர் பெயர்களைக் கூப்பிட்டார். அழகுமலை கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்து, காலை ஊன்றி, தலையைக் குனிந்து நின்றிருந்தார். நடுவர் விசில் ஊதினார். வேப்பங்குண்டு இழுத்தது. தூங்காவூரணி இரண்டடி முன்னால் நகர்ந்தது. இன்னும் ஓரடி நகர்ந்தால் கோடு. அந்த நேரத்தில் சம்பந்தியின் மீசை தொங்குகிற அழகைப் பார்க்கலாமே என்று அழகுமலை ஆசையாகத் தலையை நிமிர்த்தினார்.

எதிரே மீசை இல்லை. மூக்குக்கும் வாய்க்கும் நடுவில், நாற்பது வருஷம் வெயிலே படாத ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் இருந்தது. அது அரிப்பில் முயல் மூக்கு மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது.

அழகுமலைக்கு முதலில் ஒரு விக்கல் வந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தால் கையில் பிடி நிற்காது. என்ன என்று எட்டிப் பார்த்த இரண்டாவது ஆளும் சிரித்தார், அதற்குப் பின்னால் மூன்றாவது ஆளும். நாலாவது ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தார். பெத்தணன் அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். வேப்பங்குண்டு மொத்தமும் சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்து தூங்காவூரணியின் மடியில் விழுந்தது.

"ஜெயிச்சாச்சு! மீசை தப்பிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு மூன்று பேரும் கோட்டைச்சாமியைத் தோளில் தூக்கினார்கள். அவர் பழக்கதோஷத்தில் வெறும் உதட்டின் இரண்டு பக்கத்திலும் காற்றை முறுக்கிவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை ஊர் பார்த்ததில்லை. முத்திருளாயி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இத்தனை வருசம் இந்த முகத்தையா ஒளிச்சு வச்சிருந்தீங்க? நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

அழகுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "சரி சம்பந்தி, நீங்கதான் ஜெயிச்சீங்க. ஆனா மீசை எங்க?"

கோட்டைச்சாமி பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, கொஞ்சமாகப் பிரித்துக் காட்டினார்.

"பத்திரமா இருக்கு பாத்துக்கங்க. உங்ககிட்ட மட்டும் தோத்திருந்தேன்னா இது போயிருக்கும்."

அழகுமலை பொட்டலத்தைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், அதற்குப் பிறகு அவருக்குச் சிரிக்கவும் வரவில்லை.

காலி டப்பாவைக் கழுவி, மீசையை அதற்குள் வைத்து மூடி, குழந்தைக்கு எட்டாதபடி கிணற்றில் இறக்கினார்கள். விசேஷ வீடுகளுக்குப் போகும்போது பாண்டித்துரை அதை எடுத்துக் கொடுப்பான். கோட்டைச்சாமி அதை இடுக்கியால் பிடித்து எல்லோருக்கும் காட்டிவிட்டு மறுபடி இறக்கிவிடுவார்.

போட்டி முடிந்து ஒரு வாரம் ஆவதற்குள் அவருடைய உதட்டின்மேல் கறுப்பாக ஏதோ அரும்பியது. நாலு பேரும் கிணற்றடியில் கூடினார்கள்.

"இது யாருது?" என்றார் கோட்டைச்சாமி கவலையோடு. "என்னுதுதான் உள்ள இருக்கே."

ஒச்சப்பன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, டப்பா அங்கேதான் இருக்கிறது என்று உறுதி செய்தார். சடையாண்டி வெகுநேரம் யோசித்தார்.

"இருக்கட்டும் மச்சான், வளர்த்து வை" என்றார் கடைசியில். "அடுத்த பொங்கலுக்கு அழகுமலை மறுபடி பந்தயம் கேட்பாரு. தோத்தா இதைக் குடுத்துரலாம். ஜெயிச்சா, பெத்தணன் மருமகன்கிட்ட சொல்லி இன்னொரு டப்பா வாங்கிக்கலாம்."